பன்றிகளைத் தொற்றுநோயினின்று காத்தல்

கால்நடைகளைப் பற்றிப் பேசுங்கால் நாம் முதலில் பசுவையும் எருமையையும், பின்னர் ஆட்டையும் கோழியையும் நினைக்கிறோம். பன்றியை நினைப்பவர் சிலரே. ஆயினும் நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் பன்றியே எளிய குடும்பத்தின் சேமிப்பாக விளங்குகிறது. 2019 ஆம் ஆண்டின் 20 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 90 லட்சம் பன்றிகள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 21 லட்சம் அஸ்ஸாம் மாநிலத்தில் இருந்தன. வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை பன்றிகள் இல்லை.

இப்பன்றிகளுட் பெரும்பாலானவை பெரும் பண்ணைகளில் வளர்வன அல்ல. வீட்டின் பின்புறம் மூங்கிலால் அடைத்த கொட்டிலில் ஒன்றோ இரண்டோ வளர்க்கப்படுவன. அரிசித் தவிடு, சேம்பின் இலையும் தண்டும், வாழைத்தண்டு, அரிசிக் கள்ளை வடித்தபின் எஞ்சும் சக்கை, சமையலறையில் மிஞ்சியவை ஆகியனவே அவற்றின் தீனி. பிள்ளையின் பள்ளிச் செலவு, நோயாளியின் மருத்துவச் செலவு, வீட்டுத் திருமணம் ஆகியவற்றிற்குப் பணம் வேண்டியபோது பன்றி விற்கப்படுகிறது. எனவே ஒரு கொட்டிலில் நோய் புகுந்து பன்றிகள் மடியுமாயின், அக்குடும்பம் இழப்பது இறைச்சியை மட்டுமன்று. இடருக்கென்று வைத்திருந்த பொருள் முழுவதையும் இழக்கிறது.

இக்கட்டுரையில் அத்தகைய நோய்களுட் கொடியதாகிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைப் பற்றியும், அதனின்று பண்ணையைக் காக்கும் முறைகளைப் பற்றியும் காண்போம். இதில் கூறப்படும் காப்பு முறைகள் பன்றிகளைத் தாக்கும் பிற தொற்றுநோய்களுக்கும் பெரும்பாலும் பொருந்துவனவே.

நோய் நம் நாட்டை அடைந்த வரலாறு

இந்நோய் கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, 1921 இல் மான்ட்கோமரி என்ற ஆராய்ச்சியாளரால் விவரிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் காட்டில் வாழும் வார்ட்ஹாக் எனப்படும் காட்டுப்பன்றியினம் இந்நோயின் வைரஸைத் தன் உடலில் தாங்கியும் நோயுறுவதில்லை. அதன் வளைகளில் வாழும் ஆர்னிதோடோரஸ் என்னும் மென்மையான உண்ணிகள் வைரஸை ஒரு பன்றியினின்று மற்றொரு பன்றிக்குக் கொண்டு செல்கின்றன. ஐரோப்பியர் கொணர்ந்த வீட்டுப்பன்றிகளோ இந்த வைரஸிற்குப் பழக்கப்பட்டவையல்ல. ஆகவே அவை கூட்டங்கூட்டமாக மடிந்தன.

1957 இல் இந்நோய் ஆப்பிரிக்காவைக் கடந்து போர்ச்சுகல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் தோன்றியது. விமானங்களில் மிஞ்சிய உணவைத் திரட்டி, விமான நிலையத்திற்கு அருகிலிருந்த பன்றிகளுக்கு இட்டதே அதற்குக் காரணம் என்று கூறப்படுகிறது. 1960 இல் மீண்டும் நுழைந்த நோய் போர்ச்சுகல், ஸ்பெயின் ஆகிய நாடுகளை விட்டு நீங்குவதற்கு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2007 இல் கருங்கடற் கரையிலுள்ள ஜார்ஜியாவின் போட்டி துறைமுகத்தருகே நோய் வெளிப்பட்டது. அங்கும் கப்பல்களிலிருந்து இறக்கப்பட்ட உணவுக் கழிவே அதனைக் கொணர்ந்தது எனக் கருதுகின்றனர். அங்கிருந்து ருஷ்யாவிற்கும் கிழக்கு ஐரோப்பாவிற்கும் பரவி, 2018 ஆகஸ்டில் சீனாவையும், 2019 இல் வியட்நாம் முதலிய நாடுகளையும் அது அடைந்தது.

2020 இன் தொடக்கத்தில் அருணாசலப் பிரதேசத்திலும் அஸ்ஸாமிலும் பன்றிகள் காரணம் தெரியாமல் மடியத் தொடங்கின. போபாலிலுள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வுக்கூடம் இது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலே என்பதை உறுதி செய்தது. அவ்வாண்டு மே மாதத்தில் இச்செய்தி பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் இந்தியாவில் இருந்ததில்லை. பின்னர் மிசோரம், மேகாலயா, நாகாலாந்து, திரிபுரா முதலிய மாநிலங்களிலும், 2022 ஜூலையில் தென்கோடியிலுள்ள கேரளத்தின் வயநாட்டிலும் நோய் காணப்பட்டது.

இவ்வரலாற்றில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். வடகிழக்கிற்கும் வயநாட்டிற்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு உள்ளது. எந்தப் பன்றியும் அத்தொலைவை நடந்து கடப்பதில்லை. கடல்களையும் மலைகளையும் கடந்து இந்நோய் சென்ற இடமெங்கும் அதனைச் சுமந்து சென்றவன் மனிதனே. அவனுடைய வண்டி, அவனுடைய வாணிகம், அவன் உண்டு மிஞ்சிய உணவு ஆகியவையே நோயின் ஊர்திகள். பன்றிப் பண்ணையின் காப்பு முறைகள் யாவும் இந்த உண்மையினின்றே பிறக்கின்றன.

வைரஸின் இயல்பு

இந்த வைரஸ் பன்றியினத்தை மட்டுமே தாக்கும். மனிதரையோ ஆடுமாடுகளையோ தாக்குவதில்லை. நோய் பரவும் காலத்தில் பன்றியிறைச்சி உண்டவர்க்கு நோய் வரும் என்று எழும் வதந்திக்கு ஆதாரம் இல்லை. எனினும் நோயுற்ற பன்றியின் இறைச்சியை விற்றல் கூடாது. அவ்விறைச்சியில் வைரஸ் நெடுங்காலம் உயிர்ப்புடன் இருக்கும். அதனைக் கழுவிய நீரும், எறிந்த எலும்பும் தோலும் வேறொரு கொட்டிலை அடையுமாயின் அங்கும் நோய் தொடங்கும்.

இதன் உறுதி வியப்பிற்குரியது. குளிர்ந்த நிலையில் வைக்கப்பட்ட இரத்தத்தில் பதினெட்டு மாதங்கள் வரையிலும், உப்பிட்டு உலர்த்திய இறைச்சியில் சில மாதங்கள் வரையிலும் இது அழியாதிருப்பதாகக் கண்டுள்ளனர். சாணத்தில் அறை வெப்பநிலையிலேயே பல நாள் பிழைத்திருக்கும். ஆனால் வெப்பத்தை இதனால் தாங்க இயலாது. 60 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் 20 நிமிடங்கள் சீராகப் பட்டால் வைரஸ் செயலிழக்கும். கடுமையான காரமும் கடுமையான அமிலமும் இதனை அழிக்கும். ஆகவே நெருப்பு, சோப்பு, காஸ்டிக் சோடா, சுண்ணாம்பு போன்ற எளிய பொருள்களே நமக்குப் படைக்கலங்களாகின்றன.

நோயின் அடையாளங்கள்

வைரஸ் உடலிற் புகுந்த 4 முதல் 19 நாள்களுக்குள் நோய் வெளிப்படும். கடுமையான நிலையில் உடல் வெப்பம் 40.5 முதல் 42 டிகிரி வரை உயரும். பன்றி தீனியை வெறுத்து, மூலையில் மற்றவற்றோடு ஒண்டிக் கிடக்கும். காது, வால், வயிற்றின் அடிப்பகுதி, கால்கள் ஆகிய இடங்களில் தோல் சிவந்து பின்னர் நீலம் பாயும். வாந்தியும், சில வேளைகளில் இரத்தம் கலந்த கழிச்சலும் உண்டாகும். சினைப்பன்றிகள் கருவை இழக்கும். பெரும்பாலானவை ஒரு வாரம் முதல் இரு வாரங்களுக்குள் இறந்துவிடும். சில பன்றிகள் எவ்வித அடையாளமும் காட்டாமல் திடீரென இறந்து கிடத்தலும் உண்டு. கொட்டிலில் உள்ளவற்றுள் பிழைப்பவை மிகச் சிலவே.

இதே அடையாளங்கள் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள மற்றொரு நோயாகிய சாதாரணப் பன்றிக் காய்ச்சலிலும் காணப்படும். பெயரும் அடையாளமும் ஒத்திருப்பினும் இவ்விரண்டும் வெவ்வேறு வைரஸ்களால் உண்டாகும் வெவ்வேறு நோய்கள். சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கு நல்ல தடுப்பூசி உண்டு. அதனை உரிய காலத்தில் போடுவித்தல் வேண்டும். ஆனால் அந்த ஊசி ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத் தடுக்காது. வியட்நாமில் 2023 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கும் தடுப்பூசி வணிக முறையில் விற்கப்படுகிறது. எனினும் நம் பண்ணையாளர் அதனை நம்பியிருக்கும் நிலை இன்னும் ஏற்படவில்லை. இந்நோய்க்கு மருந்தும் இல்லை. ஆகவே நுழையவிடாது தடுத்தலே நாம் செய்யத்தக்கது.

கண்ணால் பார்த்து இது இன்ன நோய் என்று துணிதல் இயலாது. ஆய்வுக்கூடச் சோதனையே முடிவு கூறும். குவாஹாத்தியின் கானாபாராவிலுள்ள வடகிழக்கு வட்டார நோயறி ஆய்வுக்கூடத்திலும், போபால் ஆய்வுக்கூடத்திலும் இச்சோதனைகள் நடைபெறுகின்றன. இரத்தமும் உறுப்புகளும் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரால் மட்டுமே எடுக்கப்படல் வேண்டும். நோய் இன்னதென்று அறியும் ஆர்வத்தால் இறந்த பன்றியைக் கொட்டிலருகே அறுத்துப் பார்த்தல் பெருந்தவறாகும். அதன் இரத்தத்தின் ஒவ்வொரு துளியிலும் வைரஸ் நிறைந்திருக்கும்.

நோய் புகும் வழிகள்

ஆப்பிரிக்காவில் உண்ணிகள் நோயைப் பரப்புகின்றன என்று கண்டோம். நம் நாட்டுக் கொட்டில்களில் நோய் புகும் வழிகளோ பெரும்பாலும் நமது அன்றாடப் பழக்கங்களே. அவை பின்வருமாறு:

1. சந்தையிலிருந்தோ அயலூரிலிருந்தோ வாங்கிய பன்றியை அன்றே பழைய பன்றிகளோடு சேர்த்து விடுதல்.

2. உணவு விடுதி, விருந்து, வீடு ஆகியவற்றில் மிஞ்சிய உணவை வேகவைக்காமல் தீனியாக இடுதல்.

3. பெண் பன்றிகளைச் சினைப்படுத்துவதற்காக ஒரே ஆண் பன்றியை வீடுவீடாகக் கொண்டு செல்லுதல்.

4. பன்றி வியாபாரிகளும், இறைச்சி வெட்டுவோரும், குட்டிகளுக்குக் காயடிப்போரும் ஒரு கொட்டிலிலிருந்து மறு கொட்டிலுக்கு அதே செருப்புடனும் அதே கத்தியுடனும் செல்லுதல்.

5. இறந்த பன்றியை ஆற்றிலோ காட்டிலோ எறிதல். 2020 இல் பிரம்மபுத்திராவில் பன்றிகளின் உடல்கள் மிதந்து வந்ததை மக்கள் கண்டனர்.

6. பன்றிகளைத் திரிய விடுதல். அவை குப்பைகளைக் கிளறும், காட்டுப்பன்றிகளோடு கலக்கும்.

ஏழாவதாக ஒரு வழியையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. கால்நடை ஊழியர் ஒருவர் ஒரே நாளில் பத்துக் கொட்டில்களுக்குச் செல்கிறார். ஒரே ஊசியால் பல பன்றிகளுக்கு மருந்து செலுத்துவாராயின், காலணியைக் கழுவாது அடுத்த வீட்டிற்குள் நுழைவாராயின், நோயைத் தடுக்கச் சென்றவரே அதனைக் கொண்டு சேர்ப்பவராவார். ஆதலால் காப்பு முறைகளைப் பிறர்க்குக் கூறுமுன் ஊழியர் தாமே கைக்கொள்ளல் வேண்டும். ஒரு பன்றிக்கு ஓர் ஊசி; ஒரு கொட்டிலுக்கு ஒரு முறை கைகால் கழுவுதல்; நோய் ஐயத்திற்குரிய வீட்டிற்குச் சென்ற நாளில் வேறு கொட்டிலுக்குச் செல்லாதிருத்தல். ஊரார் ஊழியரின் சொல்லைக் காட்டிலும் அவருடைய காலணியையே கவனிப்பர்.

பண்ணையைக் காக்கும் முறைகள்

வேலியும் வாயிலும்: கொட்டிலைச் சுற்றி மூங்கில் வேலியேனும் இருத்தல் வேண்டும். உள்ளே செல்ல ஒரே வாயில் போதும். தீனியிடுபவர் தவிர வேறெவரும், உறவினராயினும், உள்ளே செல்லலாகாது. கொட்டிலினுள் அணிவதற்கென்றே ஒரு செருப்பை வாயிலில் வைத்திருத்தல் சிறந்த முறை. வெளிச்செருப்பு வெளியிலும் உட்செருப்பு உள்ளேயும் நிற்குமாயின் பாதிக் காவல் முடிந்ததெனலாம். பன்றியை விலை பேச வரும் வியாபாரி வேலிக்கு வெளியே நின்று பேசட்டும். பன்றியை வெளியே கொணர்ந்து காட்டுக.

கழுவுதல்: வாயிலில் கிருமிநாசினி நீர் நிறைந்த தொட்டி வைத்தல் பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் சேறு படிந்த செருப்புடன் அதில் மிதித்துச் செல்வதாற் பயனில்லை. சேற்றின் உட்புறம் மருந்து எட்டுவதில்லை. முதலில் தூரிகையால் தேய்த்துச் சோப்பு நீரிற் கழுவுதல், பின்னரே கிருமிநாசினி என்பதே முறை. ஒரு லிட்டர் நீருக்கு 8 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த நீர் 30 நிமிடங்களில் இந்த வைரஸை அழிக்கும். அது தோலையும் கண்ணையும் புண்ணாக்குமாதலால் கையுறை அணிந்து, குழந்தைகளுக்கு எட்டாதவாறு கையாளல் வேண்டும். தொட்டி நீரை அழுக்கடையுந்தோறும் மாற்றுக.

தீனி: மிஞ்சிய உணவை இடாதிருத்தலே மிகச் சிறந்தது. ஏழைப் பண்ணையாளர்க்கு அது எப்போதும் இயலுவதன்று என்பதையும் நாம் அறிவோம். இடுவதாயின் அதனைக் குறைந்தது 90 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம், இடையறாது கிளறிக்கொண்டே வேகவைத்தல் வேண்டும் என்று உலக விலங்குநல அமைப்பின் விதிகள் கூறுகின்றன. 60 டிகிரியில் 20 நிமிடங்களில் அழியும் வைரஸிற்கு இத்துணை நேரம் எதற்கு என்று சிலர் வினவலாம். பானையின் நீர் கொதித்தவுடன் அதிலுள்ள இறைச்சித் துண்டின் நடுப்பகுதியும் கொதித்துவிடுவதில்லை. எலும்பையும் கொழுப்பையும் ஊடுருவி வெப்பம் உள்ளே செல்ல நேரம் வேண்டும். வெந்த தீனியை, வேகாத கழிவு இருந்த வாளியிலேயே எடுத்துச் சென்றால் செய்த வேலை அனைத்தும் வீணாகும். ஆகவே வாளியும் அகப்பையும் இரண்டிரண்டாக இருத்தல் வேண்டும்.

புதிய பன்றி: வெளியிலிருந்து வரும் பன்றியை 30 நாள்கள் தனியிடத்தில் வைத்துக் கவனித்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். நோய் வெளிப்படும் காலம் 19 நாள்கள் வரை நீளுமாதலால் ஒரு வாரக் காவல் போதாது. முதலில் பழைய பன்றிகளுக்குத் தீனியிட்டு, இறுதியிற் புதியதற்கு இடுக.

சினைப்படுத்தல்: ஆண் பன்றியைக் கொண்டு திரிவதற்கு மாற்றாகச் செயற்கை முறைக் கருவூட்டல் வடகிழக்கில் பரவி வருகிறது. குவாஹாத்தியை அடுத்த ராணியில் 2002 இல் நிறுவப்பட்ட தேசியப் பன்றி ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் பயிற்சி அளித்து வருகிறது.

நோய் கண்ட நாளில்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கொட்டிலில் ஒரு தாய்ப்பன்றியும், விற்பனைக்கு ஆயத்தமான நான்கு குட்டிகளும் உள்ளன. ஒரு நாட்காலை ஒரு குட்டி இறந்து கிடக்கிறது. மற்றொன்று தீனி எடுக்கவில்லை. அப்போது வீட்டாரின் உள்ளத்தில் எழும் எண்ணம் யாது? எஞ்சியவற்றை இன்றே விற்றுவிட்டால் பாதிப் பணமாவது மிஞ்சும் என்பதே. வியாபாரியும் குறைந்த விலைக்கு வாங்க வந்துவிடுகிறான். அன்று மாலைக்குள் அப்பன்றிகள் மூன்று ஊர்களை அடைந்துவிடுகின்றன. ஒரு வீட்டில் நின்றிருக்க வேண்டிய நோய் ஒரு வட்டாரத்தைப் பற்றுவது இவ்விதமே.

இவ்வீட்டாரைக் குற்றஞ்சாட்டுவதாற் பயனில்லை. வறுமை அவ்வாறு செய்யத் தூண்டுகிறது. அவர்களிடம் ஊழியர் கூற வேண்டியவை மூன்று. முதலாவது, நோய் ஐயத்தை உடனே கிராம அலுவலரிடமோ பஞ்சாயத்திடமோ கால்நடை மருத்துவரிடமோ தெரிவித்தல் 2009 ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி உரிமையாளரின் கடமை. இரண்டாவது, நோய்த் தடுப்பிற்காக அரசினரால் கொல்லப்படும் பன்றிகளுக்கு இழப்பீடு உண்டு. நோயால் பன்றிகள் ஒவ்வொன்றாக மடியும்வரை காத்திருப்பவர் அந்த வாய்ப்பையும் இழக்க நேரும். மூன்றாவது, இன்று விற்ற பன்றி கொண்டு செல்லும் நோய், நாளை அவர்கள் புதிதாக வாங்கும் குட்டியின் வழியே அவர்கள் கொட்டிலுக்கே திரும்பும்.

அதே வேளையில் அலுவலகங்களும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இழப்பீடு காலந்தாழ்த்திக் கிடைக்குமாயின் அடுத்த முறை அவ்வூரார் நோயை மறைப்பர். சட்டத்தைக் காட்டிலும் நம்பிக்கையே நோயை விரைவில் வெளிப்படுத்தும்.

நோய் உறுதியானபின் மேற்கொள்ள வேண்டியவற்றை 2020 இன் தேசியச் செயல்திட்டம் வகுத்துள்ளது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை நோய்ப்பகுதி. அதற்கு அப்பால் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. நோய்ப்பகுதியினின்று பன்றியோ இறைச்சியோ தீனியோ வெளிச்செல்லலாகாது. கொல்லப்பட்டனவும் இறந்தனவும் நீர்நிலைகளுக்கு அப்பால் ஆழ்ந்த குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைக்கப்படல் வேண்டும். நாயும் காட்டுப்பன்றியும் தோண்டாதவாறு குழியை மூடுதல் அவசியம்.

காட்டுயிர்களுக்கும் இதில் பங்குண்டு. 2020 இல் காசிரங்கா தேசியப் பூங்காவின் காட்டுப்பன்றிகளைக் காப்பதற்காக, ஊர்ப் பன்றிகள் நுழையாதவாறு அகழி வெட்டினர். உலகிலேயே மிகச் சிறிய பன்றியினமாகிய குள்ளப்பன்றி இன்று அஸ்ஸாமின் மானஸ் முதலிய சில புல்வெளிகளில் மட்டுமே காட்டில் வாழ்கிறது. ஆற்றில் எறியப்படும் ஒரு பன்றியின் உடல் அந்த இனத்தின் முடிவுக்கே காரணமாகலாம்.

ஆசிரியர்களுக்கு

கீழ்க்காணும் மூன்று எளிய சோதனைகளை வகுப்பிற் செய்து காட்டலாம்.

ஒரு மாணவனின் உள்ளங்கையில் சாக்கட்டித் தூளைப் பூசி, மற்றவர்களோடு கைகுலுக்கச் செய்க. கதவு, பலகை, புத்தகம் ஆகியவற்றில் தூள் எத்துணை இடங்களிற் படிந்துள்ளது என்று எண்ணச் சொல்லுக. நோய் மனிதரால் பரவும் விதம் விளங்கும்.

காய்ந்த மண்கட்டி ஒன்றைச் சாயநீரில் ஒரு கணம் தோய்த்தெடுத்து உடைத்துக் காட்டுக. உட்புறம் நனையாதிருத்தலைக் கண்டவர், செருப்பைக் கழுவிய பின்னரே கிருமிநாசினியில் தோய்க்க வேண்டும் என்பதை மறவார்.

பெரிய உருளைக்கிழங்கு ஒன்றைக் கொதிநீரில் ஐந்து நிமிடங்கள் இட்டு, எடுத்து நறுக்குக. நடுப்பகுதி வேகாதிருக்கும். தீனியை ஒரு மணி நேரம் வேகவைப்பதன் காரணம் இதனால் தெளிவாகும்.

பின்னர்ப் பின்வரும் வினாக்களைக் கேட்கலாம்:

1. லிஸ்பனிலும் போட்டி துறைமுகத்திலும் நோய் புகுந்த வழிகளுக்குள்ள ஒற்றுமை யாது?
2. சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட பன்றி ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் இறக்கக்கூடுமா? ஏன்?
3. புதிய பன்றியை ஒரு வாரம் மட்டும் தனியே வைத்தல் ஏன் போதாது?
4. நோயுற்ற பன்றியின் இறைச்சி மனிதருக்கு இந்நோயைத் தருவதில்லை. எனினும் அதை விற்கலாகாது என்பது எதனால்?
5. உங்கள் ஊரில் ஒரு கொட்டிலுக்குள் ஒரு வாரத்தில் எத்தனை பேர் செல்கின்றனர்? அவர்களுள் எத்தனை பேர் உள்ளே செல்ல வேண்டியவர்?

ஐந்தாவது வினாவிற்கு விடை நூலில் இல்லை. மாணவர்கள் ஊருக்குள் சென்று எண்ணி வரல் வேண்டும். வேலியும் ஒரு சோடிச் செருப்பும் ஒரு வாளியும் எளியவர்க்கும் கைக்கெட்டும் பொருள்களே. ஒரு கொட்டிலின் வாயிலில் அவை முறையாக நிற்குமாயின், அக்குடும்பத்தின் சேமிப்பும் நிற்கும்.